தொப்பி விளிம்பு

நவம்பர் 19
விடாத மழை. பச்சைப்பிள்ளைக்குப் பின்னுற தொப்பிட ரிப், விளிம்பில வாற இழுபடுற பட்டி, முடிஞ்சிட்டு. 72 கண்ணி, 2 நிட் (நேர்க்கண்ணி) 2 பேர்ல் (மறுபக்கக் கண்ணி), 4 மி.மீ. ஊசி. இனிக் கண்ணி அவிழாம விளிம்பை அடைக்கிறதுதான். உச்சியிலிருந்து இறங்கிப் பின்னுற தொப்பிக்குக் கண்டமே இந்த இடம்தான்.

நவம்பர் 20
சாதாரண முடிப்பு சரிவராது. ஒரு கண்ணியை அடுத்ததுக்கு மேலால தூக்கிப் போட்டுப் போனா விளிம்பில ஒரு சங்கிலி விழும். அதில கண்ணிக்குக் கிடைக்கிற நூல் கொஞ்சம்தான். ரிப் எவ்வளவு விரிஞ்சாலும் சங்கிலி விடாது. பச்சைப்பிள்ளைட தலை 35 செ.மீ. கிட்ட வரும், நெத்தியில கோடு விழும். 5 மி.மீ. ஊசியால அடைச்சா கொஞ்சம் இளகும், போதாது.

நவம்பர் 21
பிள்ளை பற்றிப் போன் வரல்ல.

நவம்பர் 22
பின்னல்காரி ஜெனி ஸ்டைமன் 2009இல வெளியிட்ட, நல்லா இழுபடுற முடிப்பு முறை. 24 கண்ணி சோதனைத் துண்டில போட்டுப் பார்த்தாச்சு. நிட் கண்ணிக்கு முன்னால, நூலைப் பின்பக்கமிருந்து ஊசிக்கு மேலால முன்னுக்கு எடுத்து, அடியால பின்னுக்கு விடணும். ஊசியில நூல் போடுற வழமையான சுற்றுக்கு இது நேர் எதிர். பிறகு நிட். அந்தச் சுற்றைக் கண்ணிக்கு மேலால தூக்கிப் போடணும். பேர்லுக்கு முன்னால வழமையான சுற்று: முன்னாலிருந்து மேலால பின்னுக்கு, அடியால திரும்ப முன்னுக்கு. வலது ஊசியில ரெண்டு கண்ணி சேர்ந்ததும் முதலாவதை ரெண்டாவதுக்கு மேலால எடுத்து விடணும். அந்த மேலதிகச் சுற்றுத்தான் விளிம்புக்கு நூல் குடுக்குது. திசை மாறிச் சுற்றினா தூக்கிற நேரம் முறுகி இறுகும்.

நவம்பர் 23
துண்டுட விளிம்பு பாவாடைச் சுருக்கு மாதிரி அலையுது. ஊசி பெரிசாக்கினா இன்னும் மோசம். அதே 4 மி.மீ., பேர்லுக்கு மட்டும் சுற்று. அடங்கிட்டு.
கிழக்கிலங்கை நெசவூர் மருதமுனைத் தறியில ஓடுற மாதிரிப் பருத்தி நூலெண்டா எல்லாக் கண்ணிக்கும் சுற்றுப் போடலாம். பருத்திக்குத் தானா இழுபடுற குணம் இல்ல. இது கம்பளி.

நவம்பர் 24
காற்றில ஈரம். கை வேர்த்தா நூல் ஊசியில ஒட்டும், தெரியாமலே இழுவை கூடும். நேற்றைய வரிசையும் இன்றைய வரிசையும் ஒண்டில்ல. மூங்கில் ஊசியிலயும் இதே கதை. விளிம்பை ஒரே இருப்பில அடைக்கிறதுதான் புத்தி.

நவம்பர் 25
பின்னல் புத்தகங்கள் எழுதின எலிசபெத் சிம்மர்மன்ட தையல் முடிப்பு பார்வைக்கு அழகு. நூல் விளிம்பைப் போல மூணு மடங்கு வேணும், 33 செ.மீ.க்கு ஒரு மீட்டர். ஆனா பிரிக்க வந்தா ஒவ்வொரு கண்ணிக்குள்ளாலயும் நுனியை உருவணும். வேணாம்.

நவம்பர் 26
அடைச்சாச்சு. கடைசியில படி மாதிரி ஒரு இடைவெளி நிக்கும். நுனியைத் தையலூசியில கோர்த்து, முதல் கண்ணிட ரெண்டு காலுக்கும் அடியால எடுத்து, கடைசிக் கண்ணிக்குள்ளேயே திரும்ப இறக்கினா சங்கிலி மூடிடும். நுனியை விளிம்போட கிடையா ஓட்டக் கூடாது, இழுபடாது. உள்பக்கம் ரிப்பில சரிவா ஓட்டி, ஒருக்கா நல்லா இழுத்து விட்டுத்தான் வெட்டணும்.

நவம்பர் 28
தொப்பியை நனைச்சு, துவாயில சுருட்டிப் பிழிஞ்சு தட்டையா விரிச்சது, இன்னும் காயல்ல. கொடியில போட்டா நீண்டு தொங்கும்.

டிசம்பர் 1
சேதி வந்துட்டு. பிள்ளைட தலை 36 செ.மீ. விளிம்பை இழுத்து அளந்தன், 43.

டிசம்பர் 2
சாக்ஸுக்கு விரல்பக்கமிருந்து கண்ணி ஏத்தியாச்சு. கணுக்கால் வாயிலயும் இதே முடிப்பு. குதியில ஏறணும் எல்லோ. ஊசி 2.5 மி.மீ.