லூ ஆற்றங்கரை, கிழக்கு பிரான்ஸ், ஆகஸ்ட்

ஆகஸ்ட் 4

மழை இல்லை. ஆற்றில் நட்ட நீர்மட்டக் குச்சியில் 11.

ஆகஸ்ட் 5

குச்சியில் இன்றும் 11. ஆனால் ஆறு நேற்றைவிட மெலிந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது. லோ ஊருக்குக் கீழே படுகை முழுக்க இழைப்பாசி. பாசி தண்ணீரைத் தடுத்து மெதுவாக்கும், மெதுவான தண்ணீர் உயர்ந்து நிற்கும். நீரோட்டம் குறைந்தாலும் மட்டம் குறையாமல் ஏமாற்றும். எந்த மட்டத்துக்கு எவ்வளவு ஓட்டம் என்று குளிர்காலத்தில் போட்ட அட்டவணையைக் கோடையில் அப்படியே வைத்துக்கொண்டால், இல்லாத தண்ணீரைத்தான் கணக்கில் எழுதுவோம். குச்சியை மட்டும் நம்ப முடியாது. நாளை நேரடியாக அளக்க வேண்டும்.

ஆகஸ்ட் 6

அளந்தாயிற்று. கரைக்குக் கரை கயிறு, அதில் இருபது குறிகள். ஒவ்வொரு குறியிலும் ஆழம், பிறகு வேகம். முக்கால் மீட்டருக்குள் ஆழமென்றால் மேற்பரப்பிலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் ஒரே அளவு போதும். அதற்கு மேல் என்றால் பத்தில் இரண்டு, பத்தில் எட்டு என்று இரண்டு இடத்தில் எடுத்துச் சராசரி. துண்டு துண்டாக அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

கெடுவது எங்கே? அளப்பவர் வேகமானிக்கு மேல்பக்கம் ஓட்டத்தை மறித்து நின்றால் காலே ஆற்றை மாற்றிவிடும். கீழே, பக்கவாட்டில், கை நீட்டி நிற்க வேண்டும். வேகமானியின் சுழலியில் பாசி நூல் சுற்றிக்கொண்டால் வேகம் குறைவாகக் காட்டும். ஒவ்வொரு குறிக்கும் தூக்கிப் பார்த்தே ஆக வேண்டும். நடு ஆற்றில் ஒரே துண்டு மொத்த ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அங்கே குறிகளை நெருக்க வேண்டும். இன்று இரண்டு இடத்தில் தாண்டியது. திரும்ப முதலிலிருந்து.

ஆகஸ்ட் 8

மேலே, பொந்தார்லியே ஊர்ப் பக்கம் கருமேகம். விழவில்லை.

ஆகஸ்ட் 9

இங்கே மழை பெய்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மேலே, பொந்தார்லியே பீடபூமியில் பெய்கிறதா என்பதுதான் கேள்வி.

ஊவான் ஊருக்குக் கீழே சுமார் நூறு மீட்டர் செங்குத்துப் பாறை. அதன் அடியில் ஒரு குகைவாய். அதிலிருந்து லூ முழு ஆறாகவே வெளியே வருகிறது. ஓடை, ஓடைகள் சேர்ந்து வாய்க்கால், பிறகு ஆறு என்ற வரிசையெல்லாம் இதற்குக் கிடையாது. அந்த ஊற்றுக்குச் சுமார் முன்னூறு மீட்டர் உயரத்தில், நேர்கோட்டில் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில், இன்னோர் ஆறு ஓடுகிறது. பெயர் டூ. (எழுத்தில் கடைசியில் இரண்டு மெய்கள் உண்டு, வாயில் வராது.) மூத் ஊரில் பிறந்து பொந்தார்லியே தாண்டியதும், ஆர்சோன், மேசோன்-து-புவா பக்கம், பெயருக்கேற்றபடி தன் பள்ளத்தாக்கோடு டூ விட்டுவிடுகிறது. படுகையில் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகள். தண்ணீர் அதற்குள் இறங்கிப் போய்விடுகிறது.

இறங்காமல் தப்பிய தண்ணீர் மோர்த்தோ, சுவிஸ் எல்லை, மோன்பெலியார், பெசான்சோன், தோல் என்று ஒரு பெரிய வளைவு சுற்றி வருகிறது. இறங்கிய தண்ணீர் மலைக்குள் குறுக்கு வழியில் புகுந்து லூவாக வந்து, சுமார் 120 கிலோமீட்டர் ஓடி, பார்சேயைத் தாண்டி அதே டூவில் சேர்கிறது. போன தண்ணீர் வீடு திரும்புகிறது, வேறு பெயரில். அந்தர்வாகினி என்று கங்கைக்கரையில் நம்பிக்கையாகச் சொல்வதை இங்கே சாயம் போட்டே காட்டலாம்.

ஆகஸ்ட் 11

1901ல் இதே நாள். பொந்தார்லியேயில் பெர்னோ ஆலையில் இடி விழுந்து தீப்பிடித்தது. அப்சிந்த் என்ற சாராயத்தின் தொட்டிகள் வெடித்துவிடக் கூடாதென்று திறந்துவிட்டார்கள். பல லட்சம் லிட்டர் சாராயம் டூவில். இரண்டு நாள் கழித்து லூ ஊற்றில் அப்சிந்த் வாசனை. 1910ல் டூவில் ஃப்ளோரசின் என்ற பச்சைச் சாயம் போட்டு உறுதி செய்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். லூவின் தண்ணீரெல்லாம் டூவின் தண்ணீர் அல்ல. பீடபூமியில் விழும் மழை, எங்கெங்கோ உறிஞ்சுகுழிகளில் இறங்கி, அதே பாறைக்குள் வந்து சேர்கிறது. கோடைவறட்சியில்தான் டூவின் பங்கு பெரிதாகத் தெரியும்.

குச்சியில் 10.

ஆகஸ்ட் 12

சாயம் பற்றி. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது இந்த வேலைக்கென்றே சொன்னதுபோல. குறைந்தால் மறுபக்கம் எதுவும் தெரியாது. கூடினால் ஊரே பச்சை ஆற்றைப் பார்த்துத் தொலைபேசியை எடுக்கும். பொடியைக் காற்றில் கொட்டக் கூடாது. முன்கூட்டியே கேனில் கரைத்து, தண்ணீர் உள்ளே இறங்கும் இடத்திலேயே ஊற்ற வேண்டும். வெயிலில் ஃப்ளோரசின் சிதையும், அதனால் மாலையில்.

வரும் சாயத்தைப் பிடித்துவைக்க ஊற்றில் கரித்துகள் பைகளைத் தொங்கவிடுவார்கள், நிழலில், ஓட்டம் படும்படி. சாயம் போடுவதற்கு முன்பே ஒரு பையை வைத்து எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். அது இல்லாவிட்டால் பிறகு தெரியும் பச்சை எந்தப் பச்சை என்று வாதாட முடியாது. சாயம் போட்டவர் பையைத் தொடவே கூடாது. சட்டை மடிப்பில் ஒட்டிய துகள் போதும், ஒரு பொய் நதி பிறந்துவிடும்.

ஆகஸ்ட் 13

1901ல் வாசனை வந்த நாள். முகர்ந்தால் பாசி நாற்றம்தான்.

ஆகஸ்ட் 15

மூன்று மீன்கள் கரையோரம், தோலில் பஞ்சு போல் பூஞ்சை.

2010லிருந்து இங்கே இதே பேச்சு: டிரவுட், கிரேலிங் சாவு. குற்றவாளி ஒருவர் வேண்டும் எல்லோருக்கும். மாட்டுச்சாணக் கரைசல், கழிவுநீர், மரத்துக்கு அடிக்கும் மருந்து, வெப்பம் என்று ஆளுக்கொன்று. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பாறைதான். மணலும் களிமண்ணும் உள்ள நிலத்தில் தண்ணீர் வடிகட்டிக்கொண்டே இறங்கும். இங்கே மேலே ஒரு சாண் மண், கீழே வெடிப்பு. மேய்ச்சல் நிலத்தில் மழைக்கு முன்தினம் தெளித்த சாணம் சில நாளில் ஊற்றுக்கு வந்துவிடும். எவ்வளவு தெளித்தார்கள் என்பது பாதிக் கேள்வி, எந்த நாளில் என்பது மீதி. வறண்ட ஆகஸ்டுக்குப் பின் வரும் முதல் மழைக்குத்தான் பயப்பட வேண்டும். நான் அதற்குத்தான் காத்திருக்கிறேன். என்ன மனம் இது.

ஆகஸ்ட் 17

9.

ஆகஸ்ட் 18

ஆர்க்-எ-செனானுக்குக் கீழே லூ வேறு ஆறு. பள்ளத்தாக்கு விரிகிறது, சரளைப் படுகை. 1960களில் வளைவுகளை வெட்டி நேராக்கினார்கள். நேரான ஆறு வேகமாக ஓடும், வேகமானது அடியைத் தோண்டும், தோண்டிய ஆற்றோடு பக்கத்து நிலத்தடி நீரும் இறங்கும். மேலே டூவின் துணையாறு துருஷோனையும் இப்படித்தான் நேராக்கினார்கள். அதற்கு 1990களில் வளைவுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுப்பது வெட்டுவதைவிடச் செலவு.

ஆகஸ்ட் 20

இரவு பொந்தார்லியேயில் பலத்த மழை. இங்கே ஒரு சொட்டு இல்லை.

அவசரப்படக் கூடாது. கோடையில் முதல் மழையைக் காய்ந்த மண்ணே குடித்துவிடும். மீறி இறங்கினால், புதுத் தண்ணீர் வருவதற்கு முன்பே ஊற்று உயரும். பாறைக்குள் தேங்கிய பழைய தண்ணீரை மேலிருந்து அழுத்தம் தள்ளும். அதனால் மட்டம் ஏறும், தண்ணீர் தெளிவாகவே இருக்கும், மின்கடத்துதிறன் மாறாது. பிறகுதான் கடத்துதிறன் சரியும், கலங்கல் வரும். மழைநீரில் சுண்ணாம்பு இன்னும் கரையவில்லை என்பதால் சரிவு. மட்டத்தை மட்டும் பார்ப்பவர் 'வந்துவிட்டது' என்பார். வந்தது போன மாதத்துத் தண்ணீராக இருக்கும்.

கடத்துதிறன் மீட்டருக்குப் புது பேட்டரி. மணிக்கொரு பாட்டில், மூடியில் நேரம்.

இரவு 11: 9.

ஆகஸ்ட் 21

காலை 5.10. குச்சியில் 14. தண்ணீர் கண்ணாடி. கடத்துதிறன் நேற்றையதே.

6.10. 17. அதே.

7.10.