டௌ எவ்வளவு?

அக்டோபர் 9, 2022. ஹிலோ, ஹவாய்

விடியற்காலை 4.15 இருக்கும், போன் அலறியது. சஜிட்டா விண்மீன் கூட்டத்தின் பக்கம் ஸ்விஃப்ட் விண்கலம் ஏதோ பார்த்திருக்கிறது. பால்வெளித் தளத்தை ஒட்டிய இடம், நம் வீட்டுச் சமாச்சாரம்தான் என்று புரண்டு படுத்தேன். மதியத்துக்குள் கதை மாறிவிட்டது. 3.17க்கே ஃபெர்மி விண்கலம் பிடித்த காமா கதிர் வெடிப்பின் பின்னொளியாம் அது, வெடித்தபின் மெல்ல மங்கும் மிச்ச ஒளி. எழுந்திருந்தாலும் பயனில்லை, அப்போது அது அடிவானத்துக்குக் கீழே. இருந்தாலும் புரண்டு படுத்திருக்கக் கூடாது.

மாலையில் தலைக்கு மேலே வந்தது. அதன் சாய்வும் (வானத்தின் அட்சரேகை) 19.8 டிகிரி, நம் தொலைநோக்கி நிற்கும் மௌனா கேயா மலையின் அட்சரேகையும் 19.8. நேர் உச்சியில் தொலைநோக்கித் தட்டால் துரத்த முடியாது, மேற்கே சரியட்டும் என்று காத்திருந்தோம். டௌ, அதாவது காற்றின் நீராவி நம் அலைநீளத்தை எவ்வளவு மறைக்கிறது என்ற அளவு, 0.24. மூடியாயிற்று.

அக்டோபர் 10

சிவப்புப் பெயர்ச்சி (வழியில் ஒளி எவ்வளவு நீண்டது என்ற அளவு, தூரத்தைச் சொல்லும்) 0.151 என்கிறார்கள். 190 கோடி ஆண்டு நடந்து வந்த ஒளி, கடைசிச் சில கிலோமீட்டர் நீராவியில் மாட்டிக்கொள்கிறது. டௌ 0.21. துண்டு காயவே இல்லை.

அக்டோபர் 11

0.07! 850 மைக்ரான் அலைநீளத்தில் இரண்டு மணி நேரம் எடுத்தோம்.

அக்டோபர் 12

படத்தின் நடுவில் ஒரு புள்ளி. காலையிலிருந்து அதையே பார்க்கிறேன். கண்ணுக்குத் தெரியும் ஒளியை வழியில் உள்ள தூசி தின்றுவிடும், நம் அலைநீளத்தை ஒன்றும் செய்யாது என்று எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறேன். மறைக்காதுதான், ஆனால் அதே தூசி 850இல் தானும் ஒளிர்கிறதே! புள்ளி பின்னொளியா, ஏதோ ஒரு தூசி முடிச்சா? மங்கினால் பின்னொளி. மங்காவிட்டால் தூசி. எனவே கண்டுபிடித்தது தொலைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாளே எடுத்திருந்தால் இந்த அவஸ்தை இல்லை. வெடிப்பிலிருந்து பாயும் தாரையில் முன்னே ஓடும் அதிர்வலையோடு, உள்நோக்கித் திரும்பும் இன்னொன்றும் உண்டு. அது மில்லிமீட்டர் பக்கம் முதல் சில நாட்கள்தான் பளிச்சென்றிருக்கும். அந்த நேரத்தில் நான் புரண்டு படுத்திருந்தேன். (அடிவானத்துக்குக் கீழே. தெரியும்.)

அக்டோபர் 16

0.3. வேலை நீட்டிப்புக் கடிதம் வரவில்லை.

அக்டோபர் 20

0.11. எடுத்தோம். இரைச்சல் அதிகம். இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை. திரையை விட்டுத் தள்ளி நின்று கண்ணை இடுக்கிக்கூடப் பார்த்தேன். வெட்கக்கேடு.

நவம்பர் 4

கடிதம் வந்தது. டிசம்பர் வரைதான். சரி.

நவம்பர் 5

துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இந்த ஊரில் மழை நிற்கும் என்று நம்பி வாங்கியது.

நவம்பர் 27

நாளை எங்கள் முறை. ஐம்பது நாள் ஆகிவிட்டது, பின்னொளி அடங்கியிருக்கும். அந்த இடம் இப்போது காலியாக இருந்தால் அக்டோபர் 11 உண்மை. இருட்டியதும் தொடங்கி ஒன்பதுக்குள் முடிக்க வேண்டும், ஒன்பதரைக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. டௌ 0.05. தூக்கம் வராது.

நவம்பர் 28

நேற்றிரவு பதினொன்றரைக்கு மௌனா லோவா எரிமலை வெடித்துவிட்டது, 38 ஆண்டுக்குப் பிறகு. இங்கிருந்தே மேகத்தின் அடிவயிறு சிவப்பாகத் தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பார்க்கக் கிளம்பிவிட்டார். காற்று எந்தப் பக்கம், இன்று திறப்பார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.

டௌ 0.04.