பரைட்டல் லோப்: சோதனை மேசைக் குறிப்புகள்

மார்ச் 3, திங்கள்

பக்கவாதத்தில் வலது பரைட்டல் லோப் (மூளையின் மேல்-பின் பகுதி) அடிபட்டவரின் காலைச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே பாதி விஷயம் புரியும். வலது ஓரத்து இட்லி தீர்ந்திருக்கும்; இடது ஓரத்தில் இருப்பது சட்னியோடு அப்படியே கிடக்கும். கேட்டால் தட்டு காலி என்பார். தட்டை அரைச் சுற்று திருப்பி வைத்தால் மிச்சத்தையும் சாப்பிட்டுவிடுவார்.

இதைக் கண் கோளாறு என்று எழுதிவைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பாதிப் பார்வை போனவர் போகப்போகத் தலையைத் திருப்பி ஈடுகட்டிக்கொள்வார். நெக்லெக்ட் (ஒரு பக்கத்தையே கவனம் விட்டுவிடும் நிலை) உள்ளவருக்கு இடப்பக்கம் ஒன்று இருப்பதாகவே தோன்றாது. எதற்குத் திரும்ப வேண்டும்? இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு.

மார்ச் 4, செவ்வாய்

கோட்டின் நடுவில் குறி போடும் சோதனை. 20 செ.மீ. கோடு, தாள் நெஞ்சுக்கு நேராக. நோயாளி தாளை வலப்பக்கம் நகர்த்திக்கொள்வார். அதனால் நான்கு மூலையிலும் டேப் ஒட்டிவிட வேண்டும். குறி வலப்பக்கம் தள்ளி விழும், கோடு நீளமானால் இன்னும் தள்ளி. 2 செ.மீ. கோட்டில் சிலருக்கு நேர்மாறாக இடப்பக்கமே விழும். சின்னக் கோட்டை மட்டும் கொடுத்து 'சரியாக இருக்கிறார்' என்று முடிவு கட்டக் கூடாது. நலமாக உள்ளவர்களும் சற்று இடப்பக்கம் போடுவார்கள். ஓரிரு மில்லிமீட்டர் நோயல்ல.

நட்சத்திரத் தாளில் 56 சின்ன நட்சத்திரங்கள், பெரியவையும் எழுத்துகளும் கலந்து; சின்னவற்றை மட்டும் குறிக்க வேண்டும். நடுவில் உள்ள இரண்டைச் செய்துகாட்டப் பயன்படுத்துகிறோம், மதிப்பெண் 54-க்கு. மொத்தத்தை மட்டும் எழுதினால் போதாது. பத்து விட்டுப்போனால் அவை தாள் முழுக்கச் சிதறியிருக்கின்றனவா, இடது ஓரத்தில் குவிந்திருக்கின்றனவா? முதல் குறி எங்கே விழுந்தது? வலது ஓரத்தில் தொடங்கினால் அதுவே தடயம்.

மார்ச் 6, வியாழன்

1978-இல் பிசியாக், லுசாட்டி என்ற இரு ஆய்வாளர்கள் நெக்லெக்ட் உள்ள மிலான் நகரத்து நோயாளிகளிடம் கதீட்ரல் சதுக்கத்தை நினைவிலிருந்து சொல்லச் சொன்னார்கள். கதீட்ரலைப் பார்த்து நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கக் கட்டடங்கள்தான் வந்தன. எதிர்முனையில் கதீட்ரல் படியில் நின்று பார்ப்பதாக நினைக்கச் சொன்னதும், விட்டுப்போனவை வந்தன; முன்பு சொன்னவை காணாமல் போயின. நினைவு கெடவில்லை. மனதுக்குள் விரியும் வரைபடமும் உடலை நடுவில் வைத்துத்தான் வரையப்படுகிறது.

மார்ச் 7, வெள்ளி

கைக்கு வருவோம். விழித்திரையில் பொருள் எங்கே விழுந்தது என்பது மட்டும் கைக்கு உதவாது. கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கழுத்து எப்படி, தோள் எங்கே என எல்லாவற்றையும் சேர்த்தால்தான் 'கையிலிருந்து இவ்வளவு தூரம்' என்று கணக்கு வரும். அது நடப்பது பெரும்பாலும் பரைட்டல் லோபில் உள்ள இன்ட்ராபரைட்டல் பள்ளத்தைச் சுற்றி. அங்கே அடிபட்டால் ஆப்டிக் அட்டாக்சியா: பொருள் தெரியும், ஆனால் நீட்டும் கை அதைத் தவறவிடும். 1909-இல் புடாபெஸ்ட் மருத்துவர் பாலின்ட் விவரித்த நோயாளி சிகரெட்டின் நுனியை விட்டுவிட்டு நடுவில் தீ வைத்தார்.

சோதனை: 'என் மூக்கையே பாருங்க' என்று சொல்லிவிட்டுப் பேனாவைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். இடம், வலம், ஒவ்வொரு கையாலும்: மொத்தம் நான்கு முறை. கண் பேனாவுக்குத் தாவினால் அந்த முறை செல்லாது. நேரே பார்த்தால் பலர் சரியாகவே எடுத்துவிடுவார்கள். பிறகு கண்ணை மூடித் தன் மூக்கைத் தொடச் சொல்லுங்கள். அது சரியாக வந்தால், அசைவை ஒருங்கிணைக்கும் சிறுமூளைமேல் பழி போட வேண்டாம்.

மார்ச் 8, சனி

இடது பரைட்டல் என்றால் செய்கை மறதி: கையில் பலம் இருந்தும் பழகிய செயலைச் செய்யத் தெரியாது. பல் துலக்குவதுபோல் நடிக்கச் சொன்னால் விரலையே பிரஷ்ஷாக்கிவிடுவார், அது பிழை என்கிறது பாடம். பல்பொடியை விரலால் தேய்த்தே பழகியவருக்கு அது எப்படிப் பிழையாகும்? சாவியால் பூட்டைத் திறப்பதுபோலோ சுத்தியலால் அடிப்பதுபோலோ நடிக்கச் சொல்லுங்கள்.

மார்ச் 11, செவ்வாய்

நெக்லெக்ட்டுக்கான பயிற்சியாகப் பிரிசம் கண்ணாடி (காட்சியை ஒரு பக்கம் நகர்த்திக் காட்டுவது). காட்சி 10 டிகிரி வலப்பக்கம் நகர வேண்டும், எனவே பிரிசத்தின் தடித்த பக்கம் இடது புறம். மாற்றிப் போட்டால் எல்லாம் தலைகீழ். 50 முறை வேகமாகக் குறியைத் தொடச் சொல்கிறோம். கை கிளம்பும் இடத்தைப் பலகை மறைத்திருக்கும். மெதுவாகச் செய்தால் அவர் யோசித்துத் திருத்திக்கொள்வார், மூளை பழகாது. கண்ணாடியைக் கழற்றியதும் கை இடப்பக்கம் தவற வேண்டும். தவறாவிட்டால் அந்த அமர்வு வீண்.

1998-இல் ரோசெட்டி என்பவரின் ஆய்வுக் குழு ஒரே அமர்வின் பலன் குறைந்தது 2 மணி நேரம் நின்றதாகக் காட்டியது. பின்வந்த சோதனைகள் எல்லாம் ஒரே பதிலைச் சொல்லவில்லை. அன்றாட வேலைகளில் பலன் எவ்வளவு என்பதில் இன்னும் இழுபறி. அதனால் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டிய பக்கத்தை வாசிக்கவைக்கும் பயிற்சியை நிறுத்தவில்லை: டேப் கண்ணில் படும்வரை வரியைத் தொடங்கக் கூடாது. நர்ஸை அழைக்கும் மணி மட்டும் வலப்பக்கமே இருக்கட்டும்.