அந்த மாளிகையில் தண்ணீர் எங்கே போகிறது?

பாத்ரூம் தரையை உடைத்துப் போட்டதிலிருந்து எனக்கு ஒரு புதுப் பழக்கம். ராத்திரி படுத்ததும் போனை எடுத்து, விற்பனைக்கு வந்திருக்கும் சொகுசு பங்களாக்களைப் பார்ப்பது. வாங்கவா என்று கேட்காதீர்கள். எங்கள் பட்ஜெட்டுக்கு அந்த வீடுகளின் வாசல் கைப்பிடி வரும், அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும்.

"இருக்கிற வீட்டையே முடிக்க முடியலை, இதுல இது வேறயா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பார்க்கக் காசா கேட்கிறாங்க?"

அந்தப் படங்களில் எனக்குப் பிடித்ததே, அங்கே யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை என்பதுதான். பகல் முழுக்க என் வீட்டில் கேள்விகள்தான். டைல்ஸ் இடுக்கு 2 மில்லிமீட்டர் விடவா, 3 விடவா? ஸ்விட்ச் போர்டு கதவுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? கீசர் பாயின்ட் இன்னும் கொஞ்சம் மேலே ஏறட்டுமா? பதில் சொல்லாவிட்டால் வேலை நிற்கும். யோசிக்காமல் சொல்லிவிட்டால் இருபது வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே பல் தேய்க்க வேண்டும். பங்களாக்களில் எல்லாக் கேள்விக்கும் யாரோ பதில் சொல்லி முடித்திருக்கிறார்கள்.

முதலில் எல்லாரையும் போல சோபா, சரவிளக்கு என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை நடக்க நடக்கக் கண் கீழே இறங்கிவிட்டது. இப்போது பாத்ரூம் படம் வந்தால் நேரே தரையைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். தண்ணீர் எங்கே போகிறது?

இது சின்ன விஷயம் இல்லை. குளிக்கிற இடத்துக்கு மீட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை சரிவு வேண்டும். குறைந்தால் தேங்கும், கூடினால் நிற்கவே ஒருமாதிரி இருக்கும். தண்ணீர் இறங்குகிற சல்லடை நடுவில் இருந்தால் நாலு பக்கமும் அதை நோக்கிச் சரிய வேண்டும். பெரிய டைல்ஸ் அப்படி நாலு பக்கம் வளையாது என்பதால் மூலைவிட்டமாக வெட்டித்தான் ஒட்டியாக வேண்டும். அதனால்தான் பணக்கார வீடுகளில் சல்லடை நடுவில் இருப்பதில்லை. சுவரோரமாக நீளமாக ஒரு ஸ்டீல் காடி ஓடும். தரை ஒரே பக்கம் சரிந்தால் போதும், முழுப் பலகை டைல்ஸை வெட்டாமல் போடலாம். அழகுக்காக வைத்தது என்று நினைத்திருந்தேன். மேஸ்திரி விளக்கிய பிறகுதான் அழகு அந்தச் சரிவைத் தேடி வந்தது என்று புரிந்தது. எங்கள் வீட்டிலும் இப்போது அந்தக் காடிதான்.

படம் எடுக்கிற ஆளின் வேலையும் மெல்லப் பிடிபட்டது. அறையின் மூலையில் நின்று 16 முதல் 24 மில்லிமீட்டர் வரையான அகல லென்ஸில் எடுக்கிறார்கள். அறை நீண்டு விரியும், ஓரத்தில் இருக்கிற குளியல் தொட்டி ஓடம் மாதிரி இழுபடும். இதற்கு என்னிடம் ஒரு மருந்து இருக்கிறது: டைல்ஸ் எண்ணுவது. 60 சென்டிமீட்டர் டைல்ஸ் என்று தெரிந்தால், எட்டு டைல்ஸ் நீளம் என்பது 4.8 மீட்டர், அவ்வளவுதான். 'விசாலமான' என்று போட்டிருந்த ஒரு படுக்கையறை எண்ணிப் பார்த்ததும் எங்கள் அறை அளவுக்கு வந்து நின்றது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

விளிம்பே தெரியாமல் வானத்தோடு சேர்கிற நீச்சல் குளத்தைப் பார்த்தால் இப்போது எனக்கு மோட்டார் சத்தம்தான் கேட்கிறது. ஒரு பக்கச் சுவரைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டி, வழிகிற நீரைக் கீழே ஒரு தொட்டியில் பிடித்து, பம்ப் வைத்து மறுபடி மேலே ஏற்றுகிறார்கள். பம்ப் நின்றால் வெறும் குளம். பளிங்குத் தரையும் அப்படித்தான்: பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட், அமிலம் கலந்த கிளீனர் பட்டால் மினுமினுப்பு அரித்துப் போகும். இரண்டு மாடி உயரத்துக் கூடத்தில் தொங்குகிற விளக்குக்கு பல்பு யார் மாற்றுவார்கள் என்பது வேறு கவலை. எனக்கு ஏன் அந்தக் கவலை, தெரியவில்லை.

புகழ்பெற்ற வீடுகளும் ஒழுகியிருக்கின்றன என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் உண்டு. பாரிஸுக்கு அருகே புவாசியில் கட்டடக்கலைஞர் லு கொர்பூசியே வடிவமைத்த வில்லா சவோய் 1931-இல் முடிந்தது. தட்டையான கூரை, நீள ஜன்னல், இன்றைக்கும் கட்டடக்கலை மாணவர்கள் படிக்கிற வீடு. அதன் உரிமையாளர் திருமதி சவோய், மழை வந்தால் வீட்டுக்குள்ளேயே பெய்கிறது என்று கொர்பூசியேவுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இன்னொரு பெரிய கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் அருவிமேல் கட்டிய ஃபாலிங்வாட்டர் வீடும் ஒழுகியது. கூடவே அதன் கான்கிரீட் மாடங்கள் தொங்க ஆரம்பித்து, 2002-இல் எஃகு வடங்கள் கொண்டு இழுத்துக் கட்ட வேண்டியதாயிற்று. இரண்டும் இப்போது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. திருமதி சவோய் வாளி வைத்த இடத்தை யாராவது குறித்து வைத்திருந்தால் நான் போய்ப் பார்ப்பேன்.

எங்கள் வீட்டில் வாட்டர்ப்ரூஃபிங் பூசிக் காய்ந்ததும், குழாய் வாயை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டிவைத்திருக்கிறோம். 24 மணி நேரமாவது நிற்க வேண்டும், 48 என்றால் இன்னும் நல்லது. நடுநடுவே கீழ் அறைக்குப் போய்க் கூரையைத் தடவிப் பார்த்துவிட்டு வருகிறேன். டைல்ஸ் ஒட்டின பிறகு இந்தப் பூச்சை யாரும் பார்க்கப்போவதில்லை. பங்களாப் படங்களிலும் இது வராது. கொத்தனாருக்கு மட்டும் தெரிகிற வேலை, ஆனால் வீடு நிற்பது அதில்தான்.

இத்தனை பார்த்தும் நான் சேமித்து வைத்திருப்பது ஒரே ஒரு பங்களாவை. கடல் தெரிகிற மாடி, கண்ணாடிச் சுவர் எல்லாம் அதிலும் உண்டு. ஆனால் கடைசிப் படமாக மோட்டார் ரூமைப் போட்டிருந்தார்கள். குழாய்கள் தூக்குக்குண்டு விட்ட மாதிரி நேராக இறங்குகின்றன, ஒவ்வொரு வால்விலும் எது எந்த பாத்ரூமுக்கு என்று சீட்டு தொங்குகிறது. இதைக் காட்டத் தோன்றிய உரிமையாளரை எனக்குப் பார்க்காமலே பிடித்துவிட்டது.

எங்கள் பிளம்பரிடம் போனை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, விரலால் பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்காங்கக்கா," என்றார். "ஆனா கேட் வால்வு போட்டிருக்காங்களே. நாள்பட இறுகிக்கும். பால் வால்வு போட்டிருக்கலாம்."