68 கேமரோவில் ஒரு பிக்கப் இன்ஜின்

மிச்சிகனில் நண்பர் ஒருவர் தன் வீட்டு கராஜில் 1968 செவர்லே கேமரோவைப் பிரித்துப் போட்டிருக்கிறார். குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பு டிக்கித் தரையை அரித்துத் தின்றிருக்கிறது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்வதிலேயே பாதிக் காலம் போய்விட்டது.

அப்புறம் இன்ஜின். பழைய 327 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் எப்போதோ காணாமல் போயிருந்தது. அதனால் செவர்லேயின் சில்வராடோ பிக்கப் டிரக் ஒன்றின் 5.3 லிட்டர் எல்எஸ் வகை (ஜிஎம் கம்பெனியின் புதிய தலைமுறை வி8) இன்ஜினை இறக்குகிறார். இரும்பு பிளாக், கனம்தான். ஆனால் உடைசல் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும், லேசில் சாகாது.

உட்காரவைப்பதுதான் வேலை. இன்ஜினைத் தாங்கும் மவுண்டுக்கு அடாப்டர் தகடு வேண்டும். பிக்கப்பின் ஆயில் பேன் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஆழமானது, ரோடு தட்டும் அளவுக்குக் கீழே தொங்கும். அதையும் மாற்றியாக வேண்டும். பழைய இன்ஜினின் கார்புரேட்டருக்கு ஆறேழு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) பெட்ரோல் அழுத்தம் போதும், பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சும் இந்த இன்ஜினுக்கு 58 பிஎஸ்ஐ. ஆக புது பம்ப், புது பைப், கூடவே இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரும் ஒரு கட்டு வயரும்.

ஒரிஜினல் பிரியர்களுக்கு இது பாவம். வண்டியோடு பிறந்த இன்ஜின் கையில் இருந்தால் நானும் அவர்கள் கட்சிதான், தொடவே கூடாது. அந்த இன்ஜின் ஏற்கெனவே தொலைந்துபோன வண்டிக்கு என்ன தீட்டு? புது இன்ஜின் கடுங்குளிரிலும் சாவி திருப்பியதும் ஸ்டார்ட் ஆகும், பெட்ரோலும் கொஞ்சம் மிச்சம்.

வயரிங் இன்னும் பாக்கி. இந்த இன்ஜினை லேப்டாப்பில்தான் டியூன் பண்ண வேண்டும்; கார்புரேட்டர் டியூன் பண்ணிப் பழகிய நண்பருக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.