ஹீலர் தண்ணீர் குடிக்கிறார், கொஞ்சம் நில்லுங்கள்

உணவங்காடியில் மேசைமேல் இடம்பிடிக்க வைத்த ஒரு டிஷ்யூ பாக்கெட்டைக் கண்டாலே ஒதுங்கிப்போகிற ஊர் நம் சிங்கப்பூர். அதே ஊர்க்காரர்கள் இரவில் கணினி விளையாட்டின் முன் உட்கார்ந்து, எதிரிகளைத் தன் பக்கம் இழுத்து அடிதாங்கும் டேங்க் ஆகிவிட்டால் அந்தப் பொறுமை எங்கே போகிறதோ!

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில், எதிரிகள் நிறைந்த டஞ்சன் எனும் இடத்துக்குள் போவது ஐந்து பேர்: ஒரு டேங்க், மற்றவர்களின் காயத்தை ஆற்றும் ஒரு ஹீலர், அடிப்பதற்கு மூவர். மந்திர சக்தியான மானா தீர்ந்தால் ஹீலர் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாக வேண்டும். சண்டை தொடங்கிவிட்டால் குடிக்க முடியாது. நேற்று ஹீலரான நான் உட்கார்ந்த கையோடு, நம் குழுவுக்குப் புதிதாக வந்த டேங்க் தம்பி அடுத்த எதிரிக் கூட்டத்தையும் அதற்கடுத்த கூட்டத்தையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு வந்தார். ஐவரும் செத்தோம். உடனே எழுதுகிறார்: "அக்கா, தூங்கிவிட்டீர்களா?"

2009 டிசம்பரில், தானாகவே குழு சேர்த்துவிடும் டஞ்சன் ஃபைண்டர் வந்தபின் வெவ்வேறு சர்வர்களைச் சேர்ந்த முன்பின் தெரியாதவர்கள் ஒரே குழுவில் விழுகிறார்கள். அதற்குமுன் அடாவடி செய்தவரின் பெயர் சர்வர் முழுக்கப் பரவிவிடும். இப்போது வேலை முடிந்ததும் ஆள் மறைந்துவிடலாம். இந்த அவசரம் அங்கிருந்துதான் பழக்கமானது என்பது என் சந்தேகம்.

2016இல் வந்த மித்திக் பிளஸ் என்ற கடினமான டஞ்சன் வகையில் கடிகாரம் ஓடுகிறது. அங்கே விரட்டுங்கள், வாயே திறக்க மாட்டேன். சாதாரண டஞ்சனில் யார் துரத்துகிறார்கள்? இழுக்கும்முன் ஹீலர் பெயருக்குக் கீழே மானாவைக் காட்டும் நீலக் கோட்டைப் பாருங்கள். பாதிக்குக் கீழே என்றால் நில்லுங்கள்.

டேங்கை முந்திக்கொண்டு ஓடி இழுக்கும் வில்லாளிகளைத் தனிப் பதிவில் கவனித்துக்கொள்கிறேன்.