ஒரே திருப்பில் யூ டர்ன்: மெட்ராஸ் ஹெரால்டு காரில் கோவளம் வரை

நேற்று ராத்திரிதான் திருச்சி வந்து சேர்ந்தேன். சோப்பு போட்டுக் கழுவியும் கையில் பெட்ரோல் வாடை போகவில்லை. எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த யூ டர்னைச் சொல்லாமல் வேறு எதையும் சொல்ல முடியாது.

கேளம்பாக்கம் போகும் சாலையில் ஒரு டீக்கடையைத் தாண்டிவிட்டோம். வண்டிக்குச் சொந்தக்காரரான ஐயா "திருப்பிடலாம்" என்றார். நான் பின்னால் பார்த்தேன். வேறு எந்தக் காராக இருந்தாலும் முன்னே பின்னே இரண்டு முறை போய்வர வேண்டிய அகலம்தான் அந்தச் சாலை. அவர் மெல்லிய பெரிய ஸ்டீயரிங்கை இரண்டே விரலால் வளைத்தார். முன் சக்கரம் கிட்டத்தட்டக் குறுக்காக நின்றது. பம்பரம் சுற்றுவது போலச் சுற்றி எதிர்த் திசையில் நின்றுவிட்டது வண்டி. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு திரும்பி வர 25 அடி வட்டம் போதும். ஏழரை மீட்டர் சொச்சம். படித்துத் தெரிந்துவைத்திருந்தேன். உள்ளே உட்கார்ந்து பார்ப்பது வேறு. சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

சரி, முதலிலிருந்து வருகிறேன்.

அப்பா முப்பது வருடத்துக்கு முன்பு திருச்சியில் ஒரு டாக்டரிடம் டிரைவர். டாக்டர் வீட்டில் நின்றது ஹெரால்டு. அம்பாசிடர் ஓட்டியவர்கள் அம்பாசிடரைப் பற்றிப் பேசுவார்கள். அப்பாவுக்குப் பேச்சு எப்போதும் ஹெரால்டுதான். "மெட்ராஸ்ல செஞ்ச வண்டிடா" என்பார். அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர் இன்னும் ஹெரால்டு வைத்திருக்கிறார், பெருங்களத்தூரில் இருக்கிறார் என்று நண்பன் சொன்னதும் பஸ் ஏறிவிட்டேன்.

ராத்திரி பஸ் மோசம். 800 ரூபாய் வாங்கிக்கொண்டு, சாயாத சீட்டைக் கொடுத்தார்கள். கேட்டால் "அடுத்த தடவை பாத்துக்கலாம் சார்" என்கிறார்கள். அடுத்த தடவை அந்த வண்டியில் ஏறப் போவதில்லை. காலை நாலரைக்குக் கிளாம்பாக்கத்தில் இறக்கினார்கள். அங்கிருந்து பெருங்களத்தூர் ஆறு கிலோமீட்டர் சொச்சம். ஆட்டோக்காரர் கூசாமல் 300 கேட்டார். 2013ல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அந்தக் கணக்கில் 75 ரூபாய் தூரம். பெட்ரோல், கேஸ் விலை எல்லாம் ஏறியிருக்கிறது, சரி, 130 கேட்டிருந்தால் வாய் திறக்காமல் கொடுத்திருப்பேன். நாலு மடங்கு கேட்பது அநியாயம். பேசிப் பேசி 250 கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேருந்து நிலையத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்து மாநகரப் பேருந்தில் போங்கள். அந்த 250தான் இந்தப் பயணத்தில் எனக்கு இன்னும் வயிறெரிகிற காசு.

ஐயாவுக்கு எழுபத்தெட்டு வயது. வாசலில் கோல மாவுக்குப் பக்கத்தில் க்ரீம் கலரில் நின்றது வண்டி. 1969 மாடல், நாலு கதவு. 1984ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினாராம். காபி குடிக்கும்போதே கேட்டேன், எதனால் சார் இந்த வண்டி மேல் இவ்வளவு பிரியம் என்று. பதில் சொல்லவில்லை. எழுந்து போய் முன் சக்கரத்துக்குப் பின்னால் இருந்த பிடியை விடுவித்தார். அந்தப் பக்கம் போய் இன்னொன்றை. பிறகு பானெட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்த அந்த மொத்த முகத்தையும் அப்படியே முன்னால் கவிழ்த்தார். எஞ்சின், ஸ்டீயரிங் ராக், முன் சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் நின்றது. அவர் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டார், திண்ணையில் உட்கார்வது மாதிரி. "இப்ப கேளு" என்றார்.

இந்த வண்டி இப்படி இருப்பதற்குக் காரணம் ஒரு நெருக்கடி. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1903ல் தொடங்கியது. 1940களில் ட்ரையம்ஃப் என்ற இன்னொரு கார் கம்பெனி அதன் கைக்கு வந்தது. 1950களில் மற்ற கம்பெனிகள் எல்லாம் சேஸி என்கிற அடிச்சட்டமே இல்லாத ஒற்றைக் கூடு உடலுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டுக்கு உடல் செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953ல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் செய்துதர ஆள் இல்லை. அதனால் பழைய வழிக்கே திரும்பினார்கள்: தனி சேஸி, அதன் மேல் வெவ்வேறு பட்டறைகளில் செய்த துண்டுகளைப் போல்ட் போட்டு முடுக்கிய உடல். இத்தாலியின் டூரின் நகரத்து ஜொவான்னி மிகெலோட்டி அதற்கு வடிவம் வரைந்தார். 1959ல் ட்ரையம்ஃப் ஹெரால்டு வெளிவந்தது. நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், ராக் அண்ட் பினியன் ஸ்டீயரிங். அந்தக் காலத்தில் சின்னக் காருக்கு இது பெரிய விஷயம்.

துண்டு துண்டாகச் செய்து முடுக்குகிற வண்டி என்பதால் அதைப் பெட்டியில் அனுப்பி இன்னொரு நாட்டில் பூட்டுவதும் சுலபம். நமக்கு வாய்த்தது அப்படித்தான். ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948லேயே மெட்ராஸில் தொடங்கியாகிவிட்டது. வான்கார்டு, எய்ட், டென் என்ற கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தவர்கள் 1961ல் ஹெரால்டைக் கொண்டுவந்தார்கள். உத்தரபாராவில் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், மெட்ராஸில் ஹெரால்டு. நாட்டில் கார் என்றால் இந்த மூன்றுதான். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரையே 1963ல் எடுத்துவிட்டார்கள். பிறந்த ஊரில் மறைந்த பெயர் பெருங்களத்தூர் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் ஓடியது.

கவென்ட்ரிக்காரர்கள் ஹெரால்டில் நாலு கதவு போடவே இல்லை. பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி உள்ளே நுழைய வேண்டும். நம் ஊரில் பட்டுப்புடவை கட்டிய பாட்டியைக் கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிற வண்டி அப்படி இருந்தால் ஆகுமா? 1960களின் கடைசியில் மெட்ராஸில் தாங்களாகவே நாலு கதவு வைத்தார்கள். ஒற்றைக் கூடாக இருந்திருந்தால் கதவுக்கு வெட்டுகிற இடத்தில் பலம் போய்விடும். இங்கே பாரம் தாங்குவது சேஸி, அதனால் முடிந்தது. ஐயா பின் கதவைத் திறந்து மூடிக் காட்டினார். "இந்தக் கதவு லண்டன்ல கெடையாது தம்பி. இது நம்ம கதவு." அவர் குரலில் இருந்த அந்தப் பெருமைக்காகவே இன்னொரு முறை 800 ரூபாய் கொடுத்து வரலாம், சாயாத சீட்டானாலும்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். வண்டலூர் வரை அவர் ஓட்டினார், உயிரியல் பூங்கா தாண்டியதும் என்னிடம் கொடுத்தார். "சோக் வேணாம், சூடாயிருச்சு. ஃபர்ஸ்ட் கியர் மட்டும் வண்டி நின்னதுக்கு அப்புறம் போடு." கியர் பற்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிற சிங்க்ரோமெஷ் முதல் கியருக்குக் கிடையாது. ஓடும்போது போட்டால் பல் கடித்துக் கத்தும். அதனால் வேகத்தடை வந்தால் செகண்டிலேயே ஊர்ந்து ஏறிவிட வேண்டும், கண்டிகை வருவதற்குள் கைக்குப் பழகிவிட்டது. 948 சிசி எஞ்சின், பெரிய வேகமெல்லாம் கிடையாது. அறுபதில் போனாலே எண்பதில் போகிற உணர்வு. ஆனால் ஸ்டீயரிங்! பவர் எதுவும் இல்லாமலே விரலுக்கு இளகுகிறது. ரோட்டில் என்ன கிடக்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரிகிறது. கூரையைத் தாங்கும் தூண்கள் மெல்லிசு, நாலு பக்கமும் கண்ணாடிதான். என் தம்பியின் புதுக் காரில் பின்னால் பார்க்க கேமரா வேண்டும். இதில் தலையைத் திருப்பினால் போதும். இப்போது வருகிற சின்னக் கார்கள் எதிலும் இந்தச் சந்தோஷம் இல்லை, அடித்துச் சொல்வேன்.

புதுப்பாக்கம் வளைவுக்கு முன்னால் ஐயா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "திருப்பத்துல ஆக்ஸிலேட்டர்லேர்ந்து பட்டுனு கால எடுக்காத." பின்னால் இருப்பது ஸ்விங் ஆக்ஸில், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடுகிற அச்சு. வேகமாக வளையும்போது சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், வெளிச் சக்கரம் உள்ளே மடிந்து பிடி விட்டுப்போகும். முன்பே மெதுவாக்கி, வளைவில் ஒரே சீராக மிதித்துக்கொண்டு போக வேண்டும். அப்படியே செய்தேன். மல்லிகைச் சரத்தை இழுத்தது போல வந்தது வண்டி. அவர் ஒன்றும் சொல்லவில்லை, வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் தேறிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன்.

கேளம்பாக்கம் தாண்டிக் காயல் காற்று. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

கோவளத்தில் கடற்கரைக்குப் போகிற வழியில் ஓலைக் கொட்டகை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. சாப்பாடு 150, வஞ்சிரம் வறுவல் துண்டு 180. விலையைக் கேட்டதும் ஆட்டோவுக்குக் கொடுத்த 250 ஞாபகம் வந்து ஒரு துண்டோடு நிறுத்தலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. சங்கரா மீன் குழம்பில் மாங்காய் போட்டிருந்தார்கள். புளி குறைத்து, மாங்காயின் புளிப்பை முன்னால் விட்ட குழம்பு. சோற்றில் பிசைந்து முதல் வாய் வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. இரண்டாவது முறை குழம்பு கேட்டபோது அந்த அக்கா கிண்ணத்தையே வைத்துவிட்டுப் போனார். ஐயா நெத்திலி வறுவலை முறுக்கு மாதிரி கடித்துக்கொண்டிருந்தார். மொத்தம் 720 ரூபாய். ஒரு ரூபாய்கூட வருத்தமில்லை.

திரும்பும்போது மதியம் ஒன்றரை, வெயில் மண்டையைப் பிளந்தது. மாம்பாக்கம் பக்கத்தில் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது வண்டி இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. எனக்கு வியர்த்துவிட்டது, அடுத்தவர் வண்டி, ஸ்டீயரிங் என் கையில். ஐயா பதறவே இல்லை. பானெட்டைக் கவிழ்த்து டயர் மேல் உட்கார்ந்தார், பாட்டில் தண்ணீரில் துண்டை நனைத்து பெட்ரோல் பம்ப் மேல் சுற்றினார். எஞ்சின் சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. எஞ்சினோடு சேர்ந்து ஓடுகிற அந்தப் பம்பால் ஆவியை இழுக்க முடியாது, கார்புரேட்டர் பட்டினி கிடக்கும். குளிர்ந்தால் மறுபடி திரவமாகிவிடும், அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் கிளம்பியது. அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒரு டெலிவரிப் பையன் பைக்கை நிறுத்திவிட்டு, "அண்ணா, இது எந்த நாட்டு வண்டி?" என்று கேட்டான். "பெருங்களத்தூர் வண்டி" என்றேன். அவன் நம்பவில்லை.

அந்தப் பையனைக் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் ஐயாவோடு தொழிற்சாலை இருந்த பக்கம் நடந்து போனேன். ஐடி பூங்கா, அடுக்குமாடிகள். நாங்கள் நடந்த வரை, இங்கே கார் செய்தார்கள் என்று சொல்கிற ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று இன்று கார் ஊராகப் பெருமை பேசுகிற சென்னைக்கு இதைவிட என்ன மரியாதைக் குறைவு? ஒரு ஹெரால்டை அந்த நுழைவாயிலில் நிறுத்தி வைத்தால் என்ன செலவாகிவிடும்? கோபமாகவே திரும்பினேன். ஐயா மட்டும் ஒரு வேப்பமரத்தைக் காட்டி, "ஷிஃப்ட் முடிஞ்சு இங்கதான் சைக்கிள எடுப்போம்" என்றார்.

மறுநாள் பெருங்களத்தூரிலிருந்து மின்சார ரயிலில் எழும்பூர், டிக்கெட் 10 ரூபாய். ஆட்டோக்காரரே, பத்து ரூபாய். எழும்பூரிலிருந்து நடந்தே புதுப்பேட்டை. கடை கடையாக எஞ்சின்கள், கதவுகள், கியர் பாக்ஸ்கள். ஹெரால்டு வாங்கினால் கட்டுப்படியாகுமா என்று விசாரிக்கத்தான் போனேன். பிரேக், கேஸ்கெட் மாதிரி சாமான்கள் இங்கிலாந்தில் இன்னும் புதிதாகச் செய்கிறார்களாம், வரவழைக்கலாம். நம் நாலு கதவு வண்டியின் பின் கதவு நசுங்கினால்தான் கஷ்டம், அது எங்கேயும் வராது, டிங்கர்காரரிடம் தட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு புரோக்கர் கெஸல் ஒன்று இருக்கிறது, ஒன்றே முக்கால் லட்சம் என்றார். கெஸல் 1970களில் ஹெரால்டை மாற்றிச் செய்தது. ஐந்து பேர் ஏறி மூட்டையும் வைத்தால் ஸ்விங் ஆக்ஸில் காலை அகட்டிவிடும் என்பதால் நேர் ஆக்ஸில் போட்டார்கள், அது நியாயம். ஆனால் அந்தக் கவிழ்கிற முகத்தையும் எடுத்துவிட்டு எல்லா வண்டியையும் போலச் சாதாரண பானெட் வைத்தார்கள். டயர் மேல் உட்கார இடமில்லாத வண்டி எனக்கு வேண்டாம். அதற்குப் பின் 1985ல் வந்த ஸ்டாண்டர்ட் 2000, ரோவர் உடலுக்குள் பழைய எஞ்சின், சில வருடத்திலேயே கம்பெனி கதை முடிந்தது. அதைப் பற்றிப் பேச ஐயாவுக்குப் பிடிக்கவில்லை, எனக்கும்தான்.

ஹெரால்டு கிடைத்தால் சொல்லுங்கள், இரண்டு லட்சத்துக்கு மேல் என்னால் முடியாது என்று புரோக்கரிடம் நம்பர் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த இரண்டு லட்சமும் இன்னும் சேரவில்லை. இந்தப் பயணத்துக்குப் போக வர பஸ் 1600, ஐயா வண்டிக்கு பெட்ரோல் 600, சாப்பாடு 720, ஆட்டோ 250, ரயில் 10. ஐயா வாடகை வாங்க மறுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா படுக்கையிலிருந்தே கேட்டார், "புதுப்பாக்கம் வளைவுல கால எடுத்தியா?" எடுக்கவில்லை என்றேன். "ம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அப்புறம் இருட்டிலிருந்தே, "எத்தனை கதவு?" என்றார்.